பிரேக் அக்கா கதவுக்கு வெளியே உட்கார்ந்த கதை

அவளை எல்லோரும் பிரேக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கே அந்தப் பெயர் பிடித்துப்போய், போனை எடுத்தாலும் "பிரேக் அக்கா பேசுறேன்" என்றுதான் ஆரம்பிப்பாள். கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது அவள் தொழில். பத்தொன்பது வருடமாக ஒரே டிரைவிங் ஸ்கூலில், ஓட்டப் படிக்க வருகிறவர்களுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். அந்த வண்டிகளில் பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். படிக்க வந்தவர் தலைகால் புரியாமல் எதையாவது மிதித்தால், இவள் இந்தப் பக்கம் மிதித்து வண்டியை நிறுத்திவிடுவாள். நிறுத்திவிட்டு, "ம், பரவால்ல, மறுபடி எடுங்க" என்பாள்.

பெருமை பேசுகிறாள் என்று சொல்பவர்களும் உண்டு. பேசட்டுமே, என்ன குறைந்துவிட்டது? அறுபத்து மூன்று வயதில் முதல்முறையாக ஸ்டியரிங்கைத் தொட்ட ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எதிரே லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்கிற பல் டாக்டர், வலது பக்கம் திரும்பச் சொன்னால் நன்றாக யோசித்துவிட்டு இடது பக்கம் திரும்புகிற இரட்டைச் சகோதரிகள் என்று எத்தனையோ பேரைக் கரையேற்றியிருக்கிறாள். அவள் உட்கார்ந்திருந்த வண்டியில் இதுவரை யாருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவர்கள் தப்புச் செய்வதற்கு அரை விநாடி முன்னாலேயே அவள் கால் பிரேக்கில் இருக்கும்.

வீட்டிலும் அந்தக் கால் சும்மா இருக்காது. பஸ்ஸில் பயணியாகப் போனாலும் தரையை மிதிப்பாள். அவள் கணவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவர். ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம் பேசினால் அதிகம். "மிச்சத்த எல்லாம் அவ பேசிடுறா" என்று சிரிப்பார். இவர்களுக்கு ஒரே மகள். பதினாறு வயது, பதினோராம் வகுப்பு. வீட்டில் சின்னு என்று பெயர்.

சின்னுவுக்கு முதலில் பயம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. வகுப்பில் எழுந்து நின்று, தான் எழுதிய அறிவியல் அறிக்கையை வாசிக்க வேண்டும். நன்றாகத்தான் எழுதியிருந்தாள். வாசிக்க எழுந்ததும் கை நடுங்கியது. கையோடு சேர்ந்து காகிதமும் படபடத்தது. பின்னால் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். இவள் காகிதத்தை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடி, நடைவழியில் வாந்தி எடுத்தாள். மறுநாள் காலையில் சீருடை போட்டதுமே வாந்தி. அதற்கு மறுநாளும் அதே கதை. மூன்றாவது வாரம் படுக்கையை விட்டே எழுந்திருக்கவில்லை.

டாக்டர் ரத்தம் எடுத்தார், வயிற்றை ஸ்கேன் செய்தார், எல்லாம் சுத்தம். "உடம்புல ஒண்ணும் இல்லைங்க. பதற்றம். கவுன்சலிங் கூட்டிட்டுப் போங்க, பேசப் பேசச் சரியாகும்" என்று ஒரு முகவரி எழுதிக் கொடுத்தார். அக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வெளியே வந்ததும், "பேசுறதுக்கு எதுக்கு ஒரு ஆளத் தேடிப் போகணும்? பேசுறதுக்கு நான் இல்லையா?" என்று கணவரிடம் பொரிந்து தள்ளினாள். அவர் அன்றைய பத்து வாக்கியத்தில் ஒன்றை எடுத்துச் செலவழித்தார். "நீ பேசுவ. அவ பேசணுமே" என்றார்.

பள்ளியிலிருந்தும் கடிதம் வந்துவிட்டது. இன்னும் ஏழு வாரத்துக்குள் பெண் வகுப்புக்குத் திரும்பாவிட்டால் வருகைப்பதிவு போதாது, அடுத்த வருடம் இதே வகுப்பில் மறுபடி உட்கார வேண்டியதுதான். சின்னு அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆலோசனை மையம் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது. நீளமான நடைவழி, இரண்டு பக்கமும் மூடிய கதவுகள், சுவரோரம் நாற்காலிகள். முதல் அறையிலிருந்து வெளியே வந்த ஆலோசகர் அக்காவைப் பார்த்ததும் ஆடிப்போய் நின்றார். நாலு வருடத்துக்கு முன்னால் அக்காவிடம் ஓட்டப் படித்து, இரண்டு தடவை டெஸ்ட்டில் தோற்று, மூன்றாவது தடவை லைசென்ஸ் வாங்கியவர்.

அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நம்மகிட்ட படிச்ச பொண்ணு, நன்றாகப் பார்த்துக்கொள்வாள் என்று நினைத்தாள். அவரோ தலையை ஆட்டினார். "நான் பாக்கக் கூடாதுக்கா. என் கூட வேலை செய்யிற இன்னொரு மேடம் இருக்காங்க, அவங்ககிட்ட அனுப்புறேன்."

"ஏன், நான் உன்னத் திட்டினத மனசுல வச்சிருக்கியா?"

"ஐயோ, அதில்லக்கா. உங்க பொண்ணு உங்களப் பத்தி ஏதாவது சொல்லணும்னா என்கிட்ட எப்படிச் சொல்லுவா? எனக்கு உங்கள ரொம்பப் பிடிக்கும்னு அவளுக்குத் தெரியுமே."

என்னைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்று அக்காவுக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நடைவழியின் கடைசி அறைக்குப் போனாள். அங்கே இருந்த ஆலோசகருக்கு நாற்பது வயதிருக்கும். பருத்திப் புடவை, ஒட்ட வெட்டிய முடி, பேசுவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுத்துப் பேசுகிற ஆள். படுக்கை ஒன்று போட்டிருப்பார்கள், அதில் பெண்ணைப் படுக்க வைத்து ஏதோ கேட்பார்கள் என்று அக்கா கற்பனை செய்து வைத்திருந்தாள். அங்கே மூன்று நாற்காலி, ஒரு சின்ன மேஜை, ஒரு டிஷ்யூ பெட்டி, சுவரில் ஒரு கடிகாரம். அவ்வளவுதான்.

ஆலோசகர் முதலில் விதிகளைச் சொன்னார். வாரம் ஒரு நாள், ஐம்பது நிமிடம். இன்றைக்கு மட்டும் முதல் கால்மணி நேரம் மூன்று பேரும் சேர்ந்து, பிறகு சின்னு மட்டும். "அவ இங்க பேசுறது இங்கயே இருக்கும். அம்மாவாவே இருந்தாலும் அவ சம்மதம் இல்லாம நான் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு விஷயம். அவ உயிருக்கோ வேற யார் உயிருக்கோ ஆபத்துன்னு எனக்குத் தெரிஞ்சா, அப்ப கண்டிப்பா உங்ககிட்ட சொல்லுவேன். அப்படிச் சொல்லப் போறேன்னு முதல்ல அவகிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்." பிறகு சின்னுவின் பக்கம் திரும்பினார். "பதில் சொல்லப் பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம். சும்மா உக்காந்திருக்கவும் செய்யலாம்."

கேள்விகள் தொடங்கின. தூக்கம் எப்படி? "ரெண்டு மணிக்கு முழிச்சுக்குறா மேடம்" என்றாள் அக்கா. சாப்பாடு? "ஒரு வாய் வைக்கிறா, தட்டத் தள்ளிடுறா." தோழிகள்? "ஒருத்தி இருக்கா, நல்ல பொண்ணு, ஆனா இவ போன எடுக்க மாட்டேங்குறா." எப்போது முதலில் பயம் வந்தது? அக்கா மூச்சு விடாமல் செவ்வாய்க்கிழமையிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு தடவையும் சின்னுவின் உதடு லேசாகப் பிரியும். உடனே மேஜைக்கு அடியில் அக்காவின் வலது கால் தரையை அழுத்தும். பதில் அக்காவின் வாயிலிருந்து வரும்.

ஆலோசகர் கேட்பதை நிறுத்திவிட்டு, அந்தக் காலைப் பார்த்தார். "கால் வலிக்குதா?"

"இல்லையே."

அப்போதுதான் சின்னு முதல்முறையாக வாயைத் திறந்தாள். "அது பிரேக் மேடம். நான் பேச ஆரம்பிச்சா அம்மா பிரேக் போடுவாங்க."

ஆலோசகர் சிரித்தார். சின்னுவும் சிரித்தாள். மூன்று வாரத்தில் அந்தப் பெண் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்தது தன்னை வைத்துத்தான் என்றாலும் அக்காவுக்கு அது போதும் போலிருந்தது. போதும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஆலோசகர் கதவைக் காட்டி, "நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க" என்றார்.

வெளியே ஒவ்வொரு கதவடியிலும் ஒரு சின்னக் கருவி உஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்தது. அக்கா நாற்காலியைக் கதவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக் காதைத் தீட்டிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. வரவேற்பு மேஜைப் பெண்ணைக் கூப்பிட்டு, "இந்த மிஷினக் கொஞ்சம் நிறுத்துமா, இது போடுற சத்தத்துல உள்ள பேசுறது எதுவுமே கேக்கல" என்றாள்.

"அதுக்குத்தான் மேடம் வச்சிருக்கோம்" என்றாள் அந்தப் பெண், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

ஐம்பது நிமிடம் முடிந்து கதவு திறந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "மொத்தம் எத்தனை கிளாஸ் மேடம்?" டிரைவிங் ஸ்கூலில் இருபது வகுப்பு. இருபதில் வராதவர்களுக்கு இன்னும் ஐந்து. இங்கே அப்படி ஒரு கணக்கு இல்லை என்றார் ஆலோசகர். ஆறு வாரம் பார்த்துவிட்டு மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து பேசலாம், சிலருக்கு அதிலேயே போதும், சிலருக்கு மாதக்கணக்காகும். நடுவில் ஒரு வாரம் முன்பைவிட மோசமாகத் தெரிந்தாலும் பயந்துவிடக் கூடாது என்றும் சொன்னார்.

கணக்கில்லாத வேலை அக்காவுக்கு ஆகாது. இங்கேதான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள். வேறு எந்தத் தாயும் செய்திருக்க மாட்டாள், டிரைவிங் ஸ்கூல்காரியால் மட்டும்தான் முடியும். டிரைவிங் ஸ்கூலில் படிக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை உண்டு. இருபது கட்டம், ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் ஒரு டிக், பக்கத்தில் குறிப்பு எழுத இடம். அந்த அட்டையில் ஒன்றை எடுத்து வந்து மேலே மகள் பெயரை எழுதி, ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டாள். முதல் கட்டத்தில் டிக் போட்டு, பக்கத்தில் "சிரித்தாள். நல்ல ஆரம்பம்" என்று எழுதினாள். மனசார எழுதினாள், பாவம்.

இரண்டாவது வாரம் வீட்டுக்கு வரும் வழியிலேயே, "இன்னிக்கு என்ன நடத்துனாங்க?" என்று கேட்டாள். சின்னு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அட்டையில் "பிடிகொடுக்கவில்லை" என்று ஏறியது. மூன்றாவது வாரம் சின்னு கண் சிவந்து வெளியே வந்தாள். "ஏன் அழுத? அவங்க என்ன கேட்டாங்க? நீ என்ன சொன்ன?" என்று அக்கா வீடு வரைக்கும் துளைத்தாள். அட்டையில் "அழுதாள். சுமார்" என்று எழுதினாள்.

நான்காவது வாரம் சின்னு கிளம்பவில்லை. சட்டையைக்கூட மாற்றாமல் சமையலறைக்கு வந்து, ஃபிரிட்ஜ் முன்னால் நின்றாள்.

"நான் வரல."

"ஏன்டா கண்ணு, என்ன ஆச்சு?"

"சுமார்னு போட்டிருக்க. நான் அழுததுக்கு மார்க் போட்டிருக்கம்மா நீ." குரலை உயர்த்தவே இல்லை அவள். "ஸ்கூல்லயும் எல்லாரும் பாத்துட்டு இருந்தாங்க. இங்கயும் நீ பாத்துட்டு இருக்க. நான் எங்கதான் போறது?" அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அக்கா கணக்குப் போட்டாள். மூன்று வாரம் போய்விட்டது, மிச்சம் நாலு வாரம். பெண் போகமாட்டேன் என்றால் பள்ளியும் இல்லை, அந்தச் சிரிப்பும் இல்லை. அட்டையைக் கிழித்துக் குப்பையில் போட்டாள். கதவுக்கு வெளியே நின்று மன்னிப்புக் கேட்டாள். கதவு திறக்கவில்லை. ஆலோசகருக்குப் போன் போட்டு, "அவ என்னப் பத்தி என்ன சொன்னா? அத மட்டும் சொல்லுங்க, நான் சரி பண்ணிடுறேன்" என்று கெஞ்சினாள்.

"அத நான் சொல்ல முடியாதுங்க" என்றார் ஆலோசகர். "ஆனா ஒண்ணு கேக்கட்டுமா? நீங்களும் யாரையாவது பாத்துப் பேசலாமே. பொண்ணுக்காக இல்ல. உங்களுக்காக."

எனக்கு என்ன கேடு என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. கணவரைப் பார்த்தாள். அவர் செருப்பை எடுத்து அவள் முன்னால் வைத்தார். வாக்கியம் தீர்ந்துபோயிருக்கும்.

அக்காவுக்குக் கிடைத்த ஆலோசகர் முப்பது வயதுப் பையன். சட்டையைச் சரியாக இஸ்திரி போடக்கூடத் தெரியாதவன் என்று அக்கா ஒரே பார்வையில் முடிவு கட்டிவிட்டாள். "தம்பி" என்றுதான் கூப்பிட்டாள். அவரும் அதே விதிகளைச் சொன்னார், அதே படிவத்தைக் கொடுத்தார். டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். "அது எனக்கு வேண்டாம் தம்பி" என்று இவள் திருப்பித் தள்ளினாள். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். அரை மணி நேரம் மகளைப் பற்றிச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "நீங்க கடைசியா எப்ப ரொம்பப் பயந்தீங்க?" என்றார்.

"நானா? பயந்தா என் தொழில் நடக்குமா தம்பி?" என்று சிரித்தாள் அக்கா. அவர் சிரிக்கவில்லை. பதிலுக்கு அவசரப்படுத்தவும் இல்லை. அந்த அமைதி அவளுக்குப் பழக்கமில்லாதது. அதை நிரப்பத்தான் வாயைத் திறந்தாள். வந்ததோ அவளே எதிர்பார்க்காத பேச்சு.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். புதிதாகப் படிக்க வந்த ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்தார். பஸ் நிறுத்தத்தில் ஒரு குழந்தை தாயின் கையை உதறிவிட்டு ரோட்டில் இறங்கியது. ஓட்டியவர் பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டார். அக்காவின் கால் முந்திக்கொண்டது. வண்டி நின்றபோது குழந்தையின் உள்ளங்கை பானெட்டில் இருந்தது. சுவரைத் தொடுவதுபோலத் தொட்டுவிட்டுச் சிரித்தது. தாய் ஓடி வந்து தூக்கிக்கொண்டு போனாள். ஓட்டியவர் அழுதார். அக்கா அவருக்குத் தண்ணீர் கொடுத்துத் தேற்றினாள். பத்து நிமிடத்தில் அடுத்த ஆள் வந்துவிட்டார், அடுத்த வகுப்பையும் எடுத்தாள்.

"அப்ப நான் அஞ்சு மாசம் தம்பி. சின்னு வயித்துல இருந்தா."

"இத யார்கிட்ட சொன்னீங்க?"

"யார்கிட்டயும் இல்ல."

"வீட்டுக்காரர்கிட்ட?"

"ஒண்ணும் ஆகலையே தம்பி. அதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?"

பதினாறு வருடமாக ஒரு கீறல் இல்லை, ஒரு கீறல் இல்லை என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டவள், அந்தக் கசங்கிய சட்டைக்காரர் முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதாள். தள்ளிவிட்ட பெட்டியை அவளே இழுத்துக்கொண்டாள். முடியும்போது பெட்டி பாதி காலி. அடுத்த வாரமும் வருகிறீர்களா என்று அவர் கேட்டதும், "வர்றேன் சார்" என்றாள். தம்பி எப்போது சார் ஆனார் என்று அவளுக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. சின்னு அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அம்மா அழுது அவள் பார்த்ததே இல்லை. கிட்ட வந்தாள். ஆனாலும் அந்தக் குறும்பு எங்கே போகும்? பெற்றவளின் குரலிலேயே கேட்டாள்.

"இன்னிக்கு என்ன நடத்துனாங்க?"

அக்காவுக்கு வாய்வரை வந்தது. இந்த வீட்டில் அவள் சொல்லாமல் விட்ட விஷயம் என்று அந்தப் பதினாறு வருடத்து விஷயம் ஒன்றுதான். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"அது எனக்கும் அவருக்கும் உள்ளது. தோணுறப்ப சொல்லுவேன்."

சின்னு அறைக்குப் போய்த் துண்டை எடுத்தாள். பிறகு குளிக்கப் போனாள். குளித்துவிட்டு வந்து, "நாளைக்கு மேடத்துக்குப் போன் பண்ணி டைம் கேளு" என்றாள்.

ஐந்தாவது வாரம் சின்னு உள்ளே போனாள், அக்கா வெளியே உட்கார்ந்தாள். நாற்காலியைக் கதவிலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டாள். அதற்கே அவளுக்கு ஒரு பதக்கம் கொடுக்கலாம். சின்னு வெளியே வந்ததும், "பசிக்குதா?" என்று மட்டும் கேட்டாள். அந்த வாரம் ஆலோசகரும் சின்னுவும் சேர்ந்து போட்ட திட்டத்தின்படி சின்னு ஒரு நாள் பள்ளி கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். இன்னொரு நாள் உள்ளே போய் நூலகத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாள். வகுப்பில் கை நடுங்கினால் ஆசிரியரிடம் சொல்லிவிட்டு ஐந்து நிமிடம் வெளியே போய்வரலாம் என்று பள்ளியிடமும் பேசி வாங்கினார்கள். அக்கா எங்கேயும் மூக்கை நுழைக்கவில்லை. உதட்டைக் கடித்துக் கடித்து அவள் உதடு வீங்கியதுதான் மிச்சம்.

அடுத்த வாரம் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு நாற்காலி கூடுதலாகப் போட்டு, கணவரும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். ஆலோசகர் சின்னுவிடம் கேட்டார். "கை நடுங்க ஆரம்பிக்கிறப்ப, மனசுல முதல்ல என்ன வருதுன்னு அம்மா அப்பாகிட்ட சொல்றியா?"

சின்னு தலையைக் குனிந்துகொண்டாள். கடிகாரம் ஓடியது. அக்காவுக்குப் பதில் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்தாள். வகுப்பில் சிரித்த பிள்ளைகள்தான் மனதில் வருவார்கள், வேறென்ன? நாக்கு நுனியில் நின்றது. இரண்டு கையாலும் தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நிமிடம் போயிற்று. கணவர் பக்கவாட்டில் அவள் காலைப் பார்த்தார். கால் அசையவில்லை.

"எனக்கு ஏதாவது ஆனா அம்மா என்ன ஆவாங்கன்னு வரும்" என்றாள் சின்னு. "சிரிச்சாங்களே, அவங்க இல்ல. அம்மா முகம்தான் வரும். எனக்கு ஒண்ணுமே ஆகக் கூடாது. மார்க் குறையக் கூடாது, காய்ச்சல் வரக் கூடாது, விழக் கூடாது. ஏதாவது ஆச்சுன்னா அம்மா தாங்க மாட்டாங்க."

அக்கா நினைத்திருந்த பதில் எங்கே, வந்த பதில் எங்கே. ஒரு நிமிடம் முன்னால் வாயைத் திறந்திருந்தால் இது வந்தே இருக்காது. இப்போது பேசுங்கள் என்பதுபோல ஆலோசகர் தலையசைத்த பிறகுதான் பேசினாள்.

"நான் தாங்கிக்குவேன் சின்னு. இப்பத்தான் கத்துக்கிட்டு இருக்கேன். எனக்கும் ஒரு ஆள் சொல்லிக்கொடுக்கிறாரு."

பிறகு அந்தக் குழந்தையைப் பற்றியும் பானெட்டில் இருந்த கையைப் பற்றியும் மகளிடமும் கணவரிடமும் சொன்னாள். தோன்றும்போது சொல்வேன் என்றாளே, அப்போதுதான் தோன்றியது. கணவர் பதினாறு வருடம் கழித்துக் கேட்கிறார். அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அறை முழுவதும் மூக்கை உறிஞ்சும் சத்தம். ஆலோசகரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பார்த்தேன் என்று அக்கா இப்போதும் அடித்துச் சொல்கிறாள்.

கிளம்பும்போது சின்னு சொன்னாள், "திங்கக்கிழமை முழு நாள் போறேன். நீ கொண்டு விட வேண்டாம். பஸ்ல போறேன்." கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவளின் மகள், பிறந்ததிலிருந்து அம்மாவின் வண்டியில் போனவள், பஸ்ஸில் போகிறேன் என்கிறாள். அக்கா, "சரி" என்றாள். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எவ்வளவு பாடுபட்டாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

திங்கட்கிழமை அவளுக்கு ஐந்து வகுப்பு. போன் இரண்டு தடவை அடித்தது. ஒன்று, லைசென்ஸ் வாங்கிய பிறகும் பழக வருகிற பல் டாக்டர், நாளைக்கு வரமுடியாது என்று. இன்னொன்று தவறான எண். பள்ளியிலிருந்து அழைப்பு இல்லை. இவளும் அழைக்கவில்லை. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிட்டு அப்படியே மூடினாள். வகுப்பெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது சின்னுவின் ஷூ வாசலில் கிடந்தது. அக்கா உள்ளே போய் டீ போட்டாள். இரண்டு தம்ளரில் ஊற்றி எடுத்து வந்து, மகள் பக்கத்தில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு குடித்தாள்.

"கேக்க மாட்டியா?" என்றாள் சின்னு.

"நீ சொன்னா கேப்பேன்."

சின்னு தம்ளரைக் கீழே வைத்தாள். "ரெண்டாவது பீரியட்ல வந்துச்சும்மா. கை நடுங்குச்சு. மிஸ்கிட்ட சொல்லிட்டு வெளிய போனேன். பாத்ரூம்ல வாந்தி எடுத்தேன்."

ஏழாவது வாரத்தில், முதல் நாளே, மறுபடியும். போச்சு, எல்லாம் போச்சு என்று அக்காவுக்குள் ஒரு குரல் கத்தியது. அவள் தம்ளரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மகளின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் தோற்றுப்போன அடையாளம் எதுவும் இல்லை.

"அப்புறம் வாயக் கழுவிட்டு திரும்ப உள்ள போய் உக்காந்தேன். கடைசி பீரியட் வரைக்கும் இருந்தேன்."

"யாரு கூட்டிட்டுப் போனா உள்ள?"

"யாரும் இல்ல. நானேதான் போனேன்."

ஆயிரம் பேருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவள் அக்கா. அந்த ஆயிரம் பேரையும் ஒன்றாக வரிசையில் நிற்க வைத்தாலும் இந்த ஒருத்திக்கு ஈடாகாது என்று அவளுக்குத் தோன்றியது. வாந்தி எடுத்தவள், வாயைக் கழுவிக்கொண்டு, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, தன் காலால் தானே உள்ளே நடந்து போயிருக்கிறாள். மாடிக்கு ஓடித் தெரு முழுவதும் கேட்கக் கத்தலாம் போலிருந்தது. கணவருக்கு, டிரைவிங் ஸ்கூலுக்கு, அந்தப் பல் டாக்டருக்குக்கூடப் போன் போடக் கை பரபரத்தது. போனைக் கையில் எடுத்தவள், எடுத்தபடியே நின்று, மகளைப் பார்த்துக் கேட்டாள்.

"இத நான் யார்கிட்டயாவது சொல்லலாமா?"

சின்னு யோசித்தாள். டீயை முழுவதும் குடித்து முடிக்கும்வரை யோசித்தாள்.

"எல்லார்கிட்டயும் சொல்லும்மா" என்றாள். "வாந்தி எடுத்ததையும் சேத்துச் சொல்லு."